போர்க்கலத் துறையின் வாயிலில் புனித உருவங்கள்

ஆயுதம் செய்யும் இடத்தின் வாயிலில் இறையடியார்களின் உருவங்களை நிறுத்தினால் அந்த இடம் புனிதம் பெறுமா, அல்லது அந்த உருவங்கள் தம் புனிதத்தை இழக்குமா என்ற வினாவை ஐரோப்பியக் கிறித்தவம் பல நூற்றாண்டுகளாகச் சுமந்து வந்திருக்கிறது. அந்த வினாவுக்கு நூல்களில் எழுதப்பட்ட விடைகள் பல உண்டு. கல்லிலும் செங்கல்லிலும் எழுதப்பட்ட விடைகளுள் முதன்மையானது வெனிஸ் நகரின் ஆர்சனலே. ஆர்சனலே என்பது வெனிஸ் குடியரசே நேரடியாக நடத்திய கப்பல் கட்டும் துறை. 1104ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதாக மரபு கூறும் இத்துறை, 14ஆம் நூற்றாண்டு முதல் படிப்படியாக விரிந்து, நகரின் கிழக்குப் பகுதியில் உயர்ந்த மதில்களால் சூழப்பட்ட தனி உலகமாக வளர்ந்தது. கலத்தின் உடலைக் கட்டுவதும், பலகை இடுக்குகளில் நாரைத் திணித்துக் கீல் பூசும் கலப்பத்து வேலையும், கயிறு திரிப்பதும், துடுப்பு செதுக்குவதும், பீரங்கி வார்ப்பதும் அந்த மதில்களுக்குள்ளேயே ஆயிரக்கணக்கான தொழிலாளரின் கைகளால் நடைபெற்றன. அங்கே கொதித்த கீலின் காட்சி எவ்வளவு பெயர் பெற்றிருந்தது என்பதற்கு, இத்தாலியக் கவிஞர் தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில், 21ஆம் காண்டத்தில், பதவியை விற்றுப் பணம் சேர்த்தோர் மூழ்கும் கொதிகுழம்பை விளக்க ஆர்சனலேயையே உவமையாக எடுத்தது சான்று.

இத்துறையின் தரைவழி வாயில் 1460ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. பண்டைய ரோமானியக் கட்டட வடிவங்களை மீண்டும் கையாண்ட மறுமலர்ச்சிக் கலைமுறை வெனிஸில் முதன்முதலாகத் தெளிவாக வெளிப்பட்டது இந்த வாயிலில்தான் என்று கலை வரலாற்றாசிரியர்கள் கருதுகின்றனர். அட்ரியாட்டிக் கடலின் மறுகரையில், அக்காலத்தில் வெனிஸின் ஆட்சிக்குட்பட்டிருந்த போலா நகரில், செர்கீ என்னும் ரோமானியக் குடும்பத்தாரின் நினைவாக எழுப்பப்பட்ட பழைய வளைவே இதற்கு மாதிரி. நடுவில் அரைவட்ட வளைவு, அதன் இருபுறமும் இணை இணையாக நிற்கும் பளிங்குத் தூண்கள், அத்தூண்களின் தலையில் அவற்றைவிடப் பழைய பைசாந்தியப் பாணிப் போதிகைகள், எல்லாவற்றுக்கும் மேலே சிறகு விரித்த சிங்கம் என்று அமைந்த இவ்வாயில், கிறித்தவத்துக்கு முந்திய பேரரசின் வெற்றி வடிவத்தை அப்படியே எடுத்து, அதன் உச்சியில் நற்செய்தியாளர் ஒருவரின் சின்னத்தை அமர்த்தியிருக்கிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்தும் என்ற ஐயம் வாயிலைக் கட்டியவர்களுக்கு எழுந்ததா என்பதற்கு அந்தச் சிங்கமே ஓரளவு குறிப்பு தருகிறது.

சிறகுடைய சிங்கம் புனித மாற்குவின் அடையாளம். மாற்கு வெனிஸின் காவலர். அவருடைய உடல் எச்சங்கள் 828ஆம் ஆண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து கொண்டுவரப்பட்டதாக நகரின் மரபு சொல்கிறது. வெனிஸின் ஆட்சி பரவிய இடங்களில் பொதுவாகக் காணப்படும் மாற்குவின் சிங்கம், முன்கால் ஒன்றின் கீழ் விரித்த நூலை வைத்திருக்கும்; அந்த நூலில் மாற்குவுக்கு அமைதி உண்டாகுக என்று வானதூதர் கூறியதாக நம்பப்படும் வாழ்த்து பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்சனலே வாயிலின் சிங்கத்திடமோ நூல் மூடியிருக்கிறது. போருக்குரிய கலங்கள் பிறக்கும் இடத்தில் அமைதி வாழ்த்தைத் திறந்து காட்டுவது தகாது என்பதால்தான் மூடினார்கள் என்று வெனிஸ் மக்களிடையே ஒரு விளக்கம் வழங்கி வருகிறது. மூடிய நூலுடைய சிங்கங்கள் வேறு இடங்களிலும் உள்ளன என்பதால் இவ்விளக்கத்தைச் சிற்பியின் எண்ணம் என்று உறுதியாகக் கொள்ள இயலாது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக அவ்வாயிலைக் கடந்தவர்கள் அச்சிற்பத்தை அவ்வாறே படித்தார்கள் என்பது இறையியல் நோக்கில் சிற்பியின் எண்ணத்தைவிடச் சிறிய செய்தியன்று. அமைதியின் சொல்லைப் போர்த்தொழிலுக்குத் துணையாக அழைக்கக் கூடாது என்ற கூச்சம் அந்த மக்களிடம் இருந்தது என்பதை அது காட்டுகிறது.

அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் நீண்ட சிந்தனை மரபு உண்டு. மலைப்பொழிவின் போதனையைப் பின்பற்றுவோர் வாளெடுக்கலாமா என்ற சிக்கலுக்கு 5ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீன் தந்த விடைகளைத் தொகுத்து, 13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பு நூலில் ஒரு போர் நியாயமானதாக இருப்பதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்தார். போரை அறிவிப்பவர் அதற்குரிய ஆட்சியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். எதிர்க்கப்படுவோர் ஏதேனும் தீங்கு செய்ததனால் எதிர்க்கப்படத் தக்கவராக இருக்க வேண்டும். போரிடுவோரின் உள்நோக்கம் நேரியதாக, நன்மையை வளர்க்கவோ தீமையைத் தவிர்க்கவோ விழைவதாக இருக்க வேண்டும். முதல் இரண்டையும் ஆவணங்களைக் கொண்டு வாதிட்டுவிடலாம். மூன்றாவது மனத்துக்குள் இருப்பது. ஓர் அரசு தன் மனத்தை வெளியே காட்டும் வழிகளுள் கட்டடமும் ஒன்று என்பதால், ஆர்சனலே வாயிலின் உருவங்களை அக்குவினாஸின் மூன்றாவது நிபந்தனைக்கு வெனிஸ் அளித்த வாக்குமூலமாகவே படிக்க வேண்டும்.

அதே பகுதியில் அக்குவினாஸ் அடுத்ததாக எழுப்பும் வினா இன்னும் நேராக இந்த வாயிலைத் தொடுகிறது. குருக்கள் போரிடலாமா என்று கேட்கும் அவர், கூடாது என்கிறார். குருவின் பணி பலிபீடத்தைச் சார்ந்தது. கிறிஸ்துவின் பாடுகளை நினைவுகூரும் அந்தப் பணியைச் செய்பவர் பிறர் இரத்தத்தைச் சிந்துவதைவிட, தாம் கொண்டாடும் மறையுண்மைக்காகத் தம் இரத்தத்தைச் சிந்த ஆயத்தமாக இருப்பதே பொருந்தும் என்பது அவர் வாதம். எனினும் போரிடுவோருக்கு ஆன்மிகத் துணையாகக் குரு உடன் செல்வதை அவர் தடுக்கவில்லை. ஆக, போர்க்களத்தில் குருவுக்கு இடம் உண்டு, ஆனால் படைவீரராக அன்று. இந்த வேறுபாட்டை உருவங்களுக்கும் நீட்டினால், ஆயுதச் சாலையில் ஒரு புனிதரின் சிலை எந்த நிலையில் நிற்கலாம், எந்த நிலையில் நிற்கக் கூடாது என்பதை அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

வாயிலைக் கடந்து உள்ளே நுழைந்ததும் சிற்பி யாக்கப்போ சான்சவீனோ 1533ஆம் ஆண்டில் செதுக்கிய அன்னை மரியாவும் குழந்தையும் அமைந்த சிலை இருக்கிறது. அது தெருவைப் பார்த்து நிற்கவில்லை. உலகத்துக்கு எதையும் அறிவிக்கவில்லை. வேலைக்கு வருவோரும் வேலை முடித்துப் போவோரும் ஏறிட்டுப் பார்க்கக்கூடிய இடத்தில், வேண்டுதலைக் கேட்கும் தாயாக அது அமைந்திருக்கிறது. அக்குவினாஸ் ஏற்கும் குருவின் நிலை இதுதான்: ஆபத்தான தொழிலில் இருக்கும் மனிதரோடு உடன் இருப்பது, அத்தொழிலின் விளைவைத் தன்னுடையதாக உரிமை கொண்டாடாதிருப்பது. ஆர்சனலேயின் புனித உருவங்களில் இறையியல் நோக்கில் மிகவும் பொருத்தமானது எது என்று கேட்டால், வாயிலின் பெருமிதத்துக்குப் பின்னால் நிற்கும் இந்தச் சிலையையே சுட்ட வேண்டும்.

1571க்குப் பிறகு வாயிலின் குரல் மாறியது. அதற்கு முந்திய ஆண்டில் உதுமானியப் பேரரசு வெனிஸின் ஆட்சியில் இருந்த சைப்ரஸ் தீவைத் தாக்கியது. திருத்தந்தை ஐந்தாம் பயஸின் முயற்சியால் ஸ்பெயினும் வெனிஸும் பிற இத்தாலிய அரசுகளும் இணைந்த கூட்டணிப் படை, 1571 அக்டோபர் 7 அன்று கிரேக்கத்தின் மேற்குக் கரைக்கு அருகில், லெப்பாந்தோ போர் எனப் பெயர் பெற்ற கடற்போரில் உதுமானியக் கடற்படையை முறியடித்தது. கூட்டணிக் கலங்களில் ஏறத்தாழ பாதி வெனிஸுடையவை. அணிக்கு முன்னால் நிறுத்தப்பட்ட, பீரங்கிகள் நிறைந்த ஆறு பெருங்கலங்களும் ஆர்சனலேயில் உருவானவை. ஒரே பகலில் இருதரப்பிலும் பல்லாயிரவர் மடிந்தனர். இரு கடற்படைகளின் கலங்களிலும் துடுப்பு வலித்தோரில் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்ட கைதிகளும் அடிமைகளுமாவர். வெற்றி பெற்றவர்கள் உதுமானியக் கலங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிறித்தவ அடிமைகளை விடுவித்தார்கள். பிடிபட்ட முஸ்லிம்களைத் தங்கள் துடுப்புகளில் கட்டினார்கள்.

இந்த வெற்றிக்குப் பின் வாயிலின் விட்டத்தில் கடற்போர் வெற்றியின் நினைவுச்சின்னம் என்ற பொருளுடைய இலத்தீன் சொற்களும் 1571 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டன. வளைவின் இரு மூலைகளிலும் சிறகுடைய வெற்றித் தேவதைகள் செதுக்கப்பட்டன. வாயிலின் உச்சியில், சிங்கத்துக்கும் மேலே, சிற்பி ஜிரோலமோ கம்பாஞ்ஞா செய்த புனித யுஸ்தீனாவின் சிலை 1578ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. போர் நடந்த அக்டோபர் 7 அவருடைய திருநாள் என்பதால் அந்த வெற்றி அவருக்கு உரியதாக்கப்பட்டது. யுஸ்தீனா யார் என்பதைக் கருதினால் இச்செயலின் கனம் புலப்படும். வெனிஸுக்கு அருகிலுள்ள பதுவா நகரில், ரோமானியப் பேரரசின் துன்புறுத்தலின்போது, ஆயுதம் ஏந்தாமல், தன் நம்பிக்கையைக் கைவிட மறுத்து, வாளால் குத்தப்பட்டு இறந்ததாகப் போற்றப்படும் கன்னிப் பெண் அவர். தன் இரத்தத்தைச் சிந்தியவரை, பிறர் இரத்தம் சிந்தியதன் நினைவுச்சின்னமாக, தன்னைக் கொன்ற பேரரசின் வெற்றி வளைவின் மேலேயே ஏற்றி நிறுத்தியது வெனிஸ். அக்குவினாஸின் அளவுகோலால் அளந்தால், உடன் செல்லும் குருவாக இருந்திருக்க வேண்டிய புனிதர் இங்கே படைத்தலைவராக்கப்பட்டிருக்கிறார்.

இதற்கு மறுப்பு கூற இடமுண்டு. சைப்ரஸ் தாக்கப்பட்டது உண்மை. தற்காப்புக்காகப் போரிட்டுப் பிழைத்த மக்கள் இறைவனுக்கு நன்றி கூறுவது இயல்பு. நன்றி கூறுதலை உரிமை கொண்டாடுதலாகத் திரிக்கக் கூடாது என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதம் வலுவானது. ஆனால் அந்தச் சிலை நிறுத்தப்படுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே, 1573ஆம் ஆண்டில், வெனிஸ் தன் கூட்டாளிகளை விட்டு விலகி உதுமானியரோடு தனி உடன்படிக்கை செய்துகொண்டு, எந்தத் தீவைக் காப்பதற்காகப் போர் தொடங்கியதோ அந்தச் சைப்ரஸையே விட்டுக்கொடுத்துவிட்டது. இழந்த தீவையும் செய்துகொண்ட சமாதானத்தையும் பற்றி வாயிலில் ஒரு சொல்லும் இல்லை. நன்றி கூறுவது நடந்தது முழுவதையும் இறைவன் முன் வைப்பது. வெற்றியை மட்டும் பிரித்தெடுத்து வைப்பதை அரசின் புகழுரை என்றே கொள்ள வேண்டும்.

புனித இடத்தையும் ஆயுதத்தையும் நெருங்க விடுவதன் விளைவை வெனிஸ் ஏற்கெனவே ஒருமுறை தன் வீட்டிலேயே கண்டிருந்தது. 1569 செப்டம்பரில் ஆர்சனலேயின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது, மதிலுக்கு அப்பால் இருந்த செலஸ்தியா என்னும் கன்னியர் மடமும் அதன் கோயிலும் சிதைந்தன. மற்றொரு நிகழ்வு தொலைவில் நடந்தது. 1687ஆம் ஆண்டில் பிரான்செஸ்கோ மொரோசினியின் தலைமையில் ஏதென்ஸை முற்றுகையிட்ட வெனிஸ் படை, செப்டம்பர் 26 அன்று எறிந்த குண்டு பார்த்தினன் கோயிலுக்குள் உதுமானியர் சேமித்து வைத்திருந்த வெடிமருந்தில் விழுந்தது. அத்தீனா தேவியின் கோயிலாகவும், பின்னர் அன்னை மரியாவின் ஆலயமாகவும், அதன் பின்னர் பள்ளிவாசலாகவும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் வழிபாட்டைக் கண்டிருந்த அந்தக் கட்டடம் நடுவில் பிளந்து சரிந்தது. வழிபாட்டு இடத்தின் புனிதம் எதிரியின் கையைத் தடுக்கும் என்று நம்பி உள்ளே மருந்தை வைத்தவர்களும், அந்த நம்பிக்கையைப் பொருட்படுத்தாமல் குண்டெறிந்தவர்களும் ஒரே தவற்றின் இரு பாதிகளைச் செய்தார்கள்: புனிதத்தைப் போரின் கருவியாகக் கணக்கிட்டார்கள். அந்தப் படையெடுப்பின்போது பிரேயஸ் துறைமுகத்திலிருந்து எடுத்துவரப்பட்ட பெரிய பளிங்குச் சிங்கம், 11ஆம் நூற்றாண்டில் வடநாட்டு வீரர்கள் கீறிய ரூனிக் எழுத்துகள் தோளில் தேய்ந்திருக்க, இன்றும் ஆர்சனலே வாயிலின் அருகில் அமர்ந்திருக்கிறது. வாயிலின் முன் நிற்பவர் அந்தச் சிங்கத்தைக் கலைப்பொருளாகப் பார்த்துக் கடந்துவிடுவதே வழக்கம். அது எந்த ஆண்டின் கொள்ளைப்பொருள் என்பதை நினைவில் கொண்டு பார்த்தால், மேலே நிற்கும் மறைசாட்சியின் சிலை வேறு விதமாகத் தெரியும்.

வாயிலிலிருந்து கண்ணை எடுத்து உள்ளே செல்லும்போது, சிற்பமே இல்லாத ஒரு கட்டடம் இதே வினாவுக்கு வேறு விடையைத் தருகிறது. கயிறு திரிக்கும் கூடமான கோர்தெரியே அது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றிய பழைய கூடத்தின் இடத்தில், பின்னர் ரியால்டோ பாலத்தைக் கட்டிய அந்தோனியோ தா போந்தே 1579 முதல் 1585 வரையிலான ஆண்டுகளில் இதை மீண்டும் எழுப்பினார். ஏறத்தாழ 316 மீட்டர் நீளமும் 21 மீட்டர் அகலமும் கொண்ட இக்கூடம், எண்பதுக்கும் மேற்பட்ட பருத்த செங்கல் தூண்களின் இரு வரிசைகளால் மூன்று நீள்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்த நீளம் அழகுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. சணல் நாரை இழையாக நூற்று, இழைகளைச் சேர்த்துப் புரியாக்கி, புரிகளை எதிர்த்திசையில் முறுக்கி வடமாக்கும்போது, வடம் எவ்வளவு நீளமோ அதைவிட நீளமான நேர்வழி வேண்டும். இடையில் ஒட்டுப்போட்ட வடம் ஒட்டிய இடத்தில் வலுவிழக்கும். கூடம் நீண்டு நிற்பதற்கான முழுக் காரணமும் கப்பலின் நங்கூர வடம்தான்.

இருந்தும் அக்கூடத்துக்குள் நுழைபவருக்கு அது ஆலயமாகவே தோன்றுகிறது. நடுவில் அகன்ற வழி, இருபுறமும் ஒடுங்கிய வழிகள், உயரத்திலிருந்து இறங்கும் ஒளி, கண்ணை முன்னோக்கி இழுத்துச் செல்லும் தூண் வரிசை ஆகிய அனைத்தும் பசிலிக்கா எனப்படும் பழைய கிறித்தவ ஆலய அமைப்பின் கூறுகள். வேறுபாடு ஒன்றே: அந்த நீண்ட நடையின் முடிவில் பலிபீடம் இல்லை. கூடம் புதுப்பிக்கப்பட்ட அதே ஆண்டுகளில், 1575இலும் 1576இலும் நகரை அழித்த கொள்ளைநோய் நீங்கினால் கட்டுவதாக நேர்ந்துகொண்டபடி, கட்டடக் கலைஞர் பல்லாதியோ வடிவமைத்த மீட்பர் ஆலயம் அகன்ற கால்வாய் ஒன்றின் மறுபுறத்தில் எழுந்துகொண்டிருந்தது. ஒரே அரசு ஒரே காலத்தில் ஓர் ஆலயத்தையும் ஒரு கயிற்றுக் கூடத்தையும் கட்டி, இரண்டிலும் ஒழுங்கையும் அளவையும் ஒளியையும் ஒரே கவனத்தோடு கையாண்டிருக்கிறது.

இக்கவனத்தின் ஊற்று தொழிலின் பொறுப்பு. கூடத்துக்கு வந்த சணலை அரசு தரம் பிரித்தது. உயர்ந்த தரமும் தாழ்ந்த தரமும் கலந்துவிடாதபடி கண்காணித்தது. இழையில் ஒருவர் காட்டும் சோம்பல் அன்று தெரியாது. பல மாதங்கள் கழித்து, புயலில் கரையை நோக்கித் தள்ளப்படும் கலத்தின் நங்கூர வடம் அறும்போது, முகமறியாத நூறு பேரின் உயிராகத் தெரியும். காணாத மனிதரின் உயிரைக் கருதி, எவரும் காணாத இழையைச் செம்மையாக முறுக்குவதில் வாயிலின் சிற்பங்கள் தேடிய புனிதத்தைவிட உண்மையான ஒன்று இருக்கிறது.

ஆனால் இங்கேயே நின்றுவிட்டால் விடை எளிதாகிவிடும். தொழில் தன் அளவில் செம்மையாக இருப்பது போதுமா என்ற வினாவை அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் தொடக்கத்திலேயே எழுப்பிவிட்டார். மருத்துவத்தின் முடிவு உடல்நலம், கப்பல் கட்டுதலின் முடிவு கப்பல், போர்த்தலைமையின் முடிவு வெற்றி என்று ஒவ்வொரு கலைக்கும் ஒரு முடிவு உண்டு என்று கூறும் அவர், சிறிய கலைகளின் முடிவுகள் பெரிய கலைகளின் முடிவுகளுக்குக் கீழ்ப்பட்டவை என்றும், எல்லாவற்றுக்கும் மேலே மனிதரின் நல்வாழ்வை நோக்கும் கலை ஒன்று நிற்க வேண்டும் என்றும் காட்டுகிறார். அவ்வாறெனில் செம்மையான வடம் செம்மையான கலத்துக்கும், கலம் வெற்றிக்கும், வெற்றி நல்வாழ்வுக்கும் விடை சொல்லியாக வேண்டும். அந்த வடம் கட்டிய கலத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டவர் துடுப்பு வலித்தார் என்றால், கயிறு திரித்தவரின் நேர்மை அந்தச் சங்கிலியை நியாயப்படுத்தாது. அந்தச் சங்கிலி கயிறு திரித்தவரின் நேர்மையை முற்றாக அழித்துவிடுவதும் இல்லை. தொழிலின் அறமும் நோக்கத்தின் அறமும் தனித்தனியே எடைபோடப்பட வேண்டியவை. ஆர்சனலேயைப் பற்றிய பாராட்டுரைகள் பெரும்பாலும் முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறைக்கின்றன. கண்டனங்கள் இரண்டாவதைக் காட்டி முதலாவதை மறுக்கின்றன.

தொழிலாளரின் கையில் அறிவு இருக்கிறது என்பதை ஏற்றவர்களுள் கலிலியோவும் ஒருவர். 1638ஆம் ஆண்டில், திருச்சபையின் தீர்ப்பால் வீட்டுக்காவலில் இருந்தபோது வெளியான அவருடைய இறுதிப் பெருநூலின் உரையாடல் ஆர்சனலேயைப் போற்றித் தொடங்குகிறது. சிறிய கலத்தின் அளவுகளை அதே விகிதத்தில் பெருக்கிப் பெரிய கலத்தைக் கட்டினால் அது அதே வலிமையோடு நிற்காது, தன் எடையாலேயே முறியக்கூடும் என்ற உண்மையை அவர் அங்கிருந்துதான் தொடங்கி விளக்குகிறார். வெனிஸின் பெருமைக்கும் இவ்விதி பொருந்துமா என்பதை அவர் எழுதவில்லை.

லெப்பாந்தோ வெற்றியின் நினைவு வாயிலின் கல்லோடு நின்றுவிடவில்லை. ஐந்தாம் பயஸ் அந்த நாளை வெற்றியின் அன்னை விழாவாக ஏற்படுத்தினார். அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் கிரகோரி 1573ஆம் ஆண்டில் அதைச் செபமாலை விழாவாக மாற்றினார். 1716ஆம் ஆண்டில் அவ்விழா முழுத் திருச்சபைக்கும் விரிவாக்கப்பட்டதும் உதுமானியருக்கு எதிரான மற்றொரு வெற்றியை ஒட்டியே என்பதை மறைக்கத் தேவையில்லை; பழைய எண்ணம் எளிதில் மறையவில்லை. எனினும் வெற்றி என்ற பெயர் விலகி வேண்டுதலின் பெயர் நிலைத்தது. தமிழகத்திலும் இலங்கையிலும் உள்ள கத்தோலிக்க ஆலயங்களில் ஆண்டுதோறும் அக்டோபர் 7 அன்று கொண்டாடப்படும் செபமாலை அன்னை விழா இதுவே. அன்று மணிகளை உருட்டிச் செபிப்போர் பெரும்பாலும் நோயுற்றோருக்காகவும் கடலுக்குச் சென்றோருக்காகவும் வேண்டுகிறார்கள், எவருடைய தோல்விக்காகவும் அன்று. போரோடு உடன் சென்ற புனிதத்தைத் திருச்சபை தன் நாட்காட்டியில் மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டது. வெனிஸ் தன் வாயிலில் அந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை. யுஸ்தீனாவின் சிலையும் 1571 என்ற எண்ணும் இன்றும் அங்கே இருக்கின்றன. கயிற்றுக் கூடம் 1980 முதல் கலைக் கண்காட்சிகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. அங்கே செல்ல வாய்ப்புப் பெறும் வாசகர், வாயிலில் எழுதப்பட்டிருப்பதைப் படித்ததோடு நில்லாமல், உள்ளே சான்சவீனோவின் அன்னையையும் பார்த்து, அந்தக் கூடத்தின் 316 மீட்டரையும் நடந்து முடித்த பிறகே இந்தக் கட்டடத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.